சுவர் பார்த்த பெட்டிகள் குறித்து மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் மாமனார் நலம், என் இடது முழங்கால் முன்பைவிட நலம். முழங்கால் தேறியதற்குக் காரணம் நீங்கள்தான், அதைப் பின்னால் சொல்கிறேன். நீங்களும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் "ஆச்சுங்க அத்தை" என்பீர்கள், பின்னாலிருந்து அவள் "எங்கே ஆச்சு?" என்பாள். மரியாதையெல்லாம் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் முதலில் ஒரு "ம்ம்" போடுகிறீர்கள். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அதற்குப் பிறகுதான் பதில் வருகிறது. அந்த "ம்ம்" சரி என்கிறதா, புரியவில்லை என்கிறதா, இல்லை கம்ப்யூட்டரில் வேறு எதையோ பார்த்துக்கொண்டு எனக்கு ஒப்புக்குப் போடுகிறீர்களா என்று மூன்று வருடமாக எனக்குப் பிடிபடவில்லை. கடிதம் என்றால் நீங்கள் போடுகிற "ம்ம்" எனக்குக் கேட்காது, நானும் மளமளவென்று சொல்லி முடித்துவிடுவேன். இன்னொன்று, இதை என் மகளிடம் காட்ட வேண்டாம். அடுத்த நிமிஷமே போன் செய்து "அம்மா, உனக்கு என்னதாம்மா பிரச்சினை?" என்பாள்.

பிரச்சினை என் வாய்தான். உங்கள் கம்பெனிக்காரர்கள் எங்கள் கிடங்கில் அந்த மென்பொருளைக் கொண்டுவந்து வைத்த அன்று, காலை டீ நேரத்தில், நான் டீயை மட்டும் குடித்திருக்க வேண்டும். குடிக்கவில்லை. "இது எங்க மாப்பிள்ளை செஞ்சதாக்கும்" என்று மற்ற பதினேழு பேரிடமும் சொல்லி முடித்துவிட்டேன். நானும்தான் என்ன செய்வேன்? மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது, கேட்டவர்களும் பாவம் என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். இப்போதுதான் கையால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஒன்று வந்திருக்கிறது, விடுவேனா? அன்று மத்தியானத்துக்குள் அந்த மென்பொருளுக்கே மாப்பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டது. "மாப்பிள்ளை என்னை மறுபடி பன்னெண்டாம் வரிசைக்குத் துரத்துறாருப்பா", "மாப்பிள்ளை சத்தத்தையே காணோம், படுத்துட்டாரு போல", "ஏங்க, உங்க மாப்பிள்ளைக்கு வாளிக்கும் குப்பைத்தொட்டிக்கும் வித்தியாசம் தெரியாதா?" இப்படி எட்டு வாரமாக அது செய்கிற ஒவ்வொரு கோளாறுக்கும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். குழப்பம் வராமல் இருக்க, இந்தக் கடிதத்தில் உங்களை நீங்கள் என்றும், அதைக் காது மாப்பிள்ளை என்றும் எழுதுகிறேன். நாள் முழுக்க அது எங்கள் காதில் மாட்டிய கருவிக்குள் உட்கார்ந்துகொண்டுதானே பேசுகிறது.

குறை சொல்வதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனசு உறுத்தும். சோப்பு, பல்பு, கண்ணாடி டம்ளர், தலையணை, தரை துடைக்கிற திரவம் என்று வீட்டுச் சாமான் அத்தனையும் அடுக்கியிருக்கும் இந்த நீளமான கொட்டகைக்குள் பத்தொன்பது வருடமாக நடக்கிறேன். ஒரு டஜன் டம்ளருக்காக இந்தக் கோடிக்கு, அதோடு போக வேண்டிய ஒரு தலையணைக்காக மறுகோடிக்கு நடை. வீட்டுக்கு வந்தால் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பேன். இப்போது அந்த ஆறு ஆமைகள் வந்துவிட்டன. ஆமை என்றால் உங்கள் ஆட்கள் கொண்டுவந்த தட்டை வண்டிகள், தானாகப் போய்த் தானாக வரும், நாங்கள் வைத்த பெயர் அது. தூரத்துச் சாமானை அவை சுமக்கின்றன, பக்கத்து வரிசைகளைக் காது மாப்பிள்ளை ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுக்கிறது. எட்டு வாரமாக எங்கள் வீட்டில் வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்தே கிடக்கிறது. அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. முன்னே இருந்த மேற்பார்வையாளர் தனக்குப் பிடிக்காதவர்களைப் பார்த்துத்தான் கனமான வரிசைக்கு அனுப்புவார். காது மாப்பிள்ளைக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. மூன்று வருடமாகக் காணாமல்போய், ஆளாளுக்குச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த பத்தொன்பது பெட்டி பல்பை மேல்தட்டின் மூலையிலிருந்து அதுதான் கண்டுபிடித்துக் கொடுத்தது. அன்றைக்கு நான் நிமிர்ந்து நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இனிமேல்தான் வினை. எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. கீழே விழுந்த பெட்டி, நனைந்த பெட்டி, உள்ளே ஏதோ கசிகிற மாதிரி தோன்றுகிற பெட்டி, இப்படிச் சந்தேகமான எதைப் பார்த்தாலும் அதை ஆர்டருக்கு எடுக்காமல், லேபிள் ஒட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவோம். கோவிச்சுக்கிட்ட பெட்டி என்று பெயர். கோபித்துக்கொண்டதை யாரும் தொட மாட்டார்கள். சனிக்கிழமை நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து நல்லதை நல்லதோடும் கெட்டதைக் கெட்டதோடும் சேர்ப்பேன். உங்கள் ஆட்கள் இரண்டு நாள் உட்கார்ந்து எங்கள் வேலைமுறையை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்களே, அவர்களிடம் நாங்கள் எதையும் மறைக்கவில்லை. கதவை எப்போது திறப்போம், கயிற்றில் எப்படி முடிச்சுப் போடுவோம் என்பது வரை சொன்னோம். இதை மட்டும் யாருமே சொல்லவில்லை. இது ஒரு முறை என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, மாப்பிள்ளை. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிறோம், அதை யாராவது வேலைமுறை என்று எழுதிக்கொடுப்பார்களா? தெரிந்த விஷயத்தைக் கேட்டால் சொல்லலாம். தெரிந்து வைத்திருக்கிறோம் என்பதே தெரியாமல் இருப்பதை எப்படிச் சொல்வது?

மூன்றாவது வாரம் ஆமைகளின் தலையில் இருக்கும் கேமரா ஏழாம் வரிசையைப் பார்த்தது. லேபிள் தெரியாத பெட்டிகள் அதற்குப் பிடிக்கவில்லை. "ஏழாம் வரிசை, தட்டு இரண்டு. லேபிள் வெளியே தெரியும்படி வைக்கவும்" என்று காதுக்குள் சொன்னது. மற்றவர்கள் யாரும் அசையவில்லை. கோவிச்சுக்கிட்ட பெட்டியைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? இந்த வழக்கத்தைக் கட்டிக் காப்பாற்றுகிறவளே நான்தான். ஆனால் என் மாப்பிள்ளை செய்த பொருள் எல்லோர் காதிலும் ஒன்றைச் சொல்லி, ஒருவரும் கேட்கவில்லை என்றால் அது உங்களுக்குத் தலைகுனிவாகிவிடாதா என்று எனக்குப் பதறியது. நானே போய், என் இரண்டு கையாலும், முப்பத்தொரு பெட்டியை முகம் திருப்பி வைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மாமனாரிடம்கூட.

அப்புறம் என்ன, அந்த முப்பத்தொன்றும் நல்ல பெட்டிகளோடு கலந்துவிட்டன. ஒரு தங்கும் விடுதிக்குப் போன புதுப் படுக்கை விரிப்பு அத்தனையும் தரை துடைக்கிற திரவத்தில் ஊறிப்போய் நின்றது. விடுதிக்காரர் போன் செய்து, "விரிப்பை விரிக்குறதா, அதை வெச்சே தரையைத் துடைக்குறதான்னு சொல்லிடுங்க, ரெண்டுல ஒண்ணு செய்யுறேன்" என்றாராம். ஒரு கடைக்குப் போன டம்ளர் பெட்டியைத் தூக்கினால் உள்ளே கிலுகிலுப்பை ஆட்டுகிற சத்தம். எங்களில் தராசு என்று ஒருவர் இருக்கிறார். எந்தப் பெட்டியையும் ஒரு தடவை தூக்கினால் எடையைச் சொல்லிவிடுவார், அதனால் அந்தப் பெயர். அவர் ஒரு திரவப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது அரைக் கிலோ குறையுது. எங்கேயோ ஒழுகியிருக்கு" என்று கீழே வைத்தார். வைத்தவர் கையில் கட்டிய பட்டையைப் பார்த்தார். அதில் நீங்கள் வைத்தது மூன்றே பொத்தான்: எடுத்தேன், இல்லை, உதவி. உதவியை அழுத்தினால் வரிசைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்து கொட்டகை மொத்தமும் நம்மைத் திரும்பிப் பார்க்கும், மானமுள்ளவர்கள் யாரும் அழுத்த மாட்டார்கள். எடுத்தேன் என்றால் கெட்ட சாமான் போய்விடும். "இருக்கு, ஆனா சரியில்லைன்னு சொல்றதுக்கு ஒரு பொத்தான் வேணாமா? உங்க மாப்பிள்ளை வீட்ல எல்லாமே நல்லாத்தான் இருக்குமா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே 'இல்லை'யை அழுத்தினார்.

அதைப் பார்த்து எல்லோரும் 'இல்லை'யை அழுத்த ஆரம்பித்தார்கள். கண் முன்னால் இருக்கிறது, பட்டையில் இல்லை. மனிதராக இருந்தால் "நேத்துதானே அடுக்கினோம், அதுக்குள்ள எங்கே போச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். காது மாப்பிள்ளை வெள்ளை மனசு, அப்படியே நம்பிவிட்டது. ஐயோ, தரை துடைக்கிற திரவம் தீர்ந்துபோயிற்றே என்று ஆர்டர் மேல் ஆர்டர் போட்டது. ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை காலை வாசலில் மூன்று லாரி. நானூறு பெட்டி. வைக்க இடமில்லாமல் நடைபாதையில் வைத்தோம், டீ குடிக்கிற அறையில் வைத்தோம், கடைசியில் கழிப்பறைக்குப் போகிற வழியிலும் வைத்தோம். அவசரத்துக்குப் போகிறவர்கள் பெட்டியோடு பெட்டியாக ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அந்த வாரம் முழுக்கக் கொட்டகையே கமகமவென்று இருந்தது, அதைச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். அதை நம்பவைத்து ஏமாற்றியது நாங்கள். நாங்கள் சொன்னதைத்தான் அது நம்பியது. எங்களுக்கு உண்மையைச் சொல்ல ஆசைதான், சொல்வதற்குத்தான் வழி வைக்கவில்லை.

பழி என்னுடையது என்பதால் பரிகாரமும் நானே செய்வது என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து ஏழாம் வரிசையில் நின்று, என் கை வழியாகப் போகிற ஒவ்வொரு பெட்டியையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பேன், சரியில்லாததை ஒதுக்கிவைப்பேன். மழை பெய்தால் மூன்றாவது ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும், அதற்கு நேர் கீழே இருக்கிற பெட்டிகள் பார்க்க நன்றாக இருக்கும், கை வைத்தால் அட்டை பொதபொதவென்று இருக்கும். இதெல்லாம் கேமராவுக்குத் தெரியாது, பாவம், அதற்கு மூக்கு ஏது? எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அதைப்போல எங்களால் ஒருநாளும் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெட்டி எப்படி இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் கிட்டத்தில் நின்றாக வேண்டும். நான் நின்றேன். காது மாப்பிள்ளை அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறது தெரியுமா? "தேவையற்ற நிற்றல்." ஒரு நாளைக்கு இரண்டு மணி நாற்பது நிமிஷம் தேவையற்ற நிற்றல்.

போன செவ்வாய்க்கிழமை வேகப் பட்டியல் வந்தது. அதில் பெயர் கிடையாது, கைப்பட்டை எண் மட்டும்தான். என் எண் பதினொன்று. பதினெட்டுப் பேரில் பதினெட்டாவது இடத்தில் பதினொன்று. எங்கள் மேலாளர் நல்ல மனிதர், இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறு கிளையிலிருந்து வந்தவர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். "மன்னிச்சுக்குங்கம்மா, உங்களுக்கும் வயசாகுது. மன்னிச்சுக்குங்க, வாசல்ல உட்கார்ந்து வர்ற வண்டி நம்பரை எழுதுற வேலை ஒண்ணு இருக்கு. வேணாம்னா முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை மன்னிக்கவில்லை. பத்தொன்பது வருடம் நடந்த கொட்டகையை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. உள்ளே பெட்டி விழுகிற சத்தம் கேட்கும், எழுந்து போகக்கூடாது. அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்.

இன்று வியாழக்கிழமை. சாப்பாட்டு மேசையில் ஓய்வுக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டு, அதே பேனாவால் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே உங்கள் மாமனார் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. கேட்டா குறைஞ்சா போயிடுவே?" என்றார். ஆமாம், குறைந்துதான் போவேன். நாளைக்கே தராசு முதல் எல்லோரும் என்ன நினைப்பார்கள்? மாப்பிள்ளை தயவில் நிற்கிறாள் என்று நினைப்பார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அதுதான் இன்னும் மோசம். அதனால் திட்டமாக எழுதுகிறேன்: எனக்காக நீங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பட்டியலில் கை வைக்கக்கூடாது. எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை, அழுகையும் வந்தது, ஆனால் உங்கள் மேல் இல்லை. உங்களுக்குத் தெரிந்ததை வைத்து நீங்கள் செய்தீர்கள். எங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று, அதுவும் எனக்காக அல்ல. அந்தப் பட்டையில் நாலாவதாக ஒரு பொத்தான் வையுங்கள். "இருக்கிறது, ஆனால் கோபித்துக்கொண்டிருக்கிறது." அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டாம். நான் போன பிறகு சனிக்கிழமைகளில் தராசு பிரித்துப் பார்ப்பார், சொல்லிவைத்திருக்கிறேன்.

மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். நீங்களும் என் மகளும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு, சொல்லாததையும் புரிந்துகொண்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மாமனார் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மாமியார்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை மத்தியானம் டீ அறையில், மிச்சமிருக்கும் திரவப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேலே உள்ள கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்னால் ஓய்வுக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று காலையில் மேலாளர் அறைக்குப் போனேன். பையிலிருந்து எடுப்பதற்குள் அவரே எழுந்து நின்றார். "மன்னிச்சுக்குங்கம்மா, நேத்து சாயங்காலம் அந்த சாஃப்ட்வேரைச் செஞ்சவங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் பேசினார். மூணாவது வாரத்துலேர்ந்து திரும்பி வந்துக்கிட்டே இருந்த சரக்கு, அஞ்சாவது வாரத்துக்கு அப்புறம் குறைஞ்சுருச்சாம். பதினொண்ணாம் நம்பர் கை வழியாப் போனதுல ஒரு பெட்டிகூட திரும்பி வரலையாம். 'அவங்க சும்மா நிக்கலைங்க, ஏதோ பார்க்குறாங்க. என்ன பார்க்குறாங்கன்னு எனக்குத்தான் தெரியலை. அவங்களை இடம் மாத்திடாதீங்க, தயவுசெஞ்சு அவங்ககிட்டயே கேட்டு எழுதி அனுப்புங்க'ன்னார். பதினொண்ணு யாருன்னு அவர் கேக்கலை, நானும் சொல்லலை. நம்பரைத்தான் பேசினோம்" என்றார்.

பையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அவர் எப்படிப் பேசினாரு சார்?" என்று கேட்டேன். "தன்மையாத்தாம்மா. ஆனா ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னாடி ஒரு 'ம்ம்' போட்டுட்டு, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம இருந்தார். லைன் கட்டாயிடுச்சோன்னு ரெண்டு தடவை பார்த்தேன்" என்றார்.

அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், மாப்பிள்ளை. கோவிச்சுக்கிட்ட பெட்டி, மூன்றாவது ஜன்னல், முப்பத்தொரு பெட்டியை நானே திருப்பியது வரை, ஒன்றுவிடாமல். மேலாளர் மன்னிப்பே கேட்காமல் முக்கால் மணி நேரம் எழுதினார். தராசைக் கூப்பிட்டு அவர் சொன்னதையும் எழுதினார். அந்தத் தாள்களைப் படமெடுத்து அனுப்புகிறார், இன்றே உங்களுக்கு வந்து சேரும். வாசல் வேலைக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஓய்வுக் கடிதத்தை நான் கொடுக்கவே இல்லை, அதன் பின்பக்கத்தில்தான் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன்.

ஆகவே மேலே நான் எழுதியிருப்பதைக் கிழிக்க வேண்டாம், மனதில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள். அடுத்த தடவை வரும்போது பிரித்துப் பார்த்து நல்லது கெட்டதை நான் சொல்கிறேன்.

பதினொன்றாம் எண் யார் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். படித்து முடித்ததும் ஒரு போன் செய்யுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். ஒரு "ம்ம்" போட்டால் போதும், எனக்குப் புரிந்துவிடும்.